பழைய வண்டிக்கு எந்தச் சைலன்சர்? நல்ல ஒலி பற்றிய நான்கு விடைகள்

பழைய வண்டி ஒன்றை வாங்கிப் புதுப்பிப்பவர் பெயின்ட், சீட், டயர் எல்லாம் முடித்த பிறகு வந்து நிற்கும் இடம் சைலன்சர். துருப்பிடித்ததை எடுத்துவிட்டு அதே மாதிரியில் புதிது போடுவதா, அல்லது நாதம் கூடும்படி வேறொன்றைப் பொருத்துவதா? மேலைநாடுகளில் இந்தக் கேள்வி பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒட்டியே அதிகம் எழுகிறது. காவிரிப் படுகையில் அத்தகைய கார்கள் அரிது. அந்த ஆசைக்கு இங்கே இடம் தந்தவை மோட்டார் சைக்கிள்கள்: காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட புல்லட், யமஹா ஆர்எக்ஸ் 100, மைசூரில் தயாரான எஸ்டி. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் சைலன்சர் பற்றிய வாதம் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே நடக்கிறது.

இந்தக் கேள்விக்கு இதுவரை தரப்பட்ட விடைகளை நான்காகத் தொகுக்கலாம். வண்டியின் வலுவைக் கூட்டுவதே நல்ல ஒலி என்பது பந்தயக்காரர் விடை. காதுக்குப் பிடித்ததே நல்ல ஒலி என்பது ஒர்க்‌ஷாப்பின் விடை. தொழிற்சாலை கொடுத்ததே நல்ல ஒலி என்பது சேகரிப்பாளர் விடை. அயல்வீட்டாரை வருத்தாததே நல்ல ஒலி என்பது சட்டத்தின் விடை. நான்கும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றினாலும், அவை வெவ்வேறு அளவைகளைப் பற்றிப் பேசுகின்றன என்பதே இக்கட்டுரையின் பார்வை. குறிப்பாக, சத்தத்தின் அளவும் நாதத்தின் தன்மையும் வேறு வேறு என்பதை மறந்த இடங்களிலெல்லாம் வாதம் குழம்பியிருக்கிறது.

சைலன்சரோடு பிறந்த கேள்வி

சைலன்சருக்கு ஏறத்தாழ மோட்டார் வாகனத்தின் வயதே ஆகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ல் இன்ஜின் புகைக்குழாய்க்கான மட்டுப்படுத்திக்குக் காப்புரிமை பெற்றனர். தெருவில் குதிரைகள் மிரண்டு ஓடுவது அன்றைய பெரும் புகார். ஆனால் சத்தத்தை அடக்கும் கருவி வந்த சில ஆண்டுகளிலேயே அதைத் தவிர்க்கும் கருவியும் வந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் கட்-அவுட் என்ற திறப்பு இருந்தது. மேடு ஏறும்போது ஓட்டுநர் அதைத் திறந்தால் புகை சைலன்சரைச் சுற்றிக்கொள்ளாமல் நேரே வெளியேறும். வலு கூடுகிறது என்றார்கள் ஓட்டுநர்கள். காது கிழிகிறது என்றார்கள் தெருவாசிகள். பல நகரங்கள் அதைத் தடை செய்தன. இன்று நடக்கும் வாதத்தின் முழு வடிவமும் அன்றே உருவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இதன் தனி வரலாறு, புல்லட் ஆலை அமைந்த சென்னைத் திருவொற்றியூரில் தொடங்குகிறது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டுகளை வாங்கியதைத் தொடர்ந்து, பிரிட்டனின் ரெடிட்ச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தாய் நிறுவனம் ரெடிட்சில் மூடப்பட்ட பின்பும் புல்லட் சென்னையில் தொடர்ந்து உருவானது. 70 மில்லிமீட்டர் துளையும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடியது. ஊரில் பண்ணையாரும் போலீஸ் அதிகாரியும் ஏறி வந்த வண்டி என்பதால், அதன் ஓசை ஆள் தெருமுனைக்கு வருமுன்பே ஆளின் தகுதியைச் சொல்லும் ஓசையாகவும் ஆனது.

குழாய்க்குள் நடப்பது

நிலைப்பாடுகளை எடைபோட அடிப்படை இயற்பியல் கொஞ்சம் தேவை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங்கில் ஓடும் புல்லட்டில் விநாடிக்கு ஏழரை வெடிப்புகள்தான். மனிதக் காது இதைச் சுருதியாகக் கேட்பதில்லை. தனித்தனி அடியாகவே கேட்கிறது. புல்லட்டின் ‘டப் டப்’ என்று சொல்லப்படுவது இதுதான். 3000 சுற்றில் விநாடிக்கு 25 வெடிப்பு. கேட்கும் எல்லையின் அடிவிளிம்பு அது. அதே 3000 சுற்றில் நான்கு சிலிண்டர் காரில் விநாடிக்கு 100 வெடிப்பு. இரண்டு ஸ்ட்ரோக்கான ஆர்எக்ஸ் 100 ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பதால், 7500 சுற்றில் விநாடிக்கு 125. சைலன்சரைத் தொடாமலேயே இந்த மூன்றின் குரலும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. புல்லட்டை நான்கு சிலிண்டர் கார்போலப் பாடவைக்க எந்தச் சைலன்சராலும் முடியாது.

சைலன்சர் செய்வது வடிகட்டும் வேலை. அறைகளும் துளையிட்ட குழாய்களும் கொண்ட வகை, ஒலி அலையைத் திருப்பியடித்து அலையை அலையால் தணிக்கிறது. கண்ணாடிப் பஞ்சு சுற்றிய வகை, அலையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. முதல்வகை குறிப்பிட்ட சில அதிர்வெண்களை, அவற்றில் தாழ்ந்தவற்றையும், குறிவைத்துக் குறைக்க வல்லது. இரண்டாம் வகை கீச்சொலியையும் இரைச்சலையும் நன்றாக மட்டுப்படுத்துகிறது, அடித்தொனியை அதிகம் தொடுவதில்லை. இதோடு குழாயின் நீளமும் சேர்கிறது. சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள புகையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒருமுனை மூடிய ஒரு மீட்டர் குழாய் அந்த வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 140 அதிர்வுகளில் ஒத்ததிரும். குழாயை நீட்டினால் அந்த எண் குறையும்; குறுக்கினால் ஏறும். ஆக, இன்ஜின் தரும் ஒலியில் எதை விட்டுவைப்பது, எதை நீக்குவது என்பதே சைலன்சர் வடிவமைப்பவரின் கையில் உள்ள தேர்வு.

முதல் விடை: திறந்துவிட்டால் வலு கூடும்

இந்த விடை பந்தயத் தளங்களில் பிறந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கி, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது; 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தது. சோழவரத்தில் ஓடியவை பெரும்பாலும் தெருவில் ஓடிய வண்டிகளின் மாற்றுருவங்களே. சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு, இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் உறவு கொண்ட சில கார்களில் ஒன்று. பிரிட்டனில் 1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்டதுதான். பந்தயத்துக்குப் போகும் வண்டியில் முதலில் கழற்றப்படுவது சைலன்சர். அங்கிருந்து ‘சத்தம் கூடினால் வேகம் கூடும்’ என்ற நம்பிக்கை தெருவுக்கு இறங்கியது.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. அடைபட்ட, கரி படிந்த சைலன்சர் புகையைத் தடுத்து வலுவைக் குறைக்கும். தடையைக் குறைத்தால் உயர் சுற்றுகளில் சிறிது பலன் கிடைக்கக்கூடும். ஆனால் இந்த விடைக்கு மூன்று பலவீனங்கள் உண்டு.

ஒன்று, அளவு. பழைய 350 புல்லட்டின் வலு சுமார் 18 குதிரைத்திறன். அது எட்டும் உச்ச வேகமும் சுற்றும் குறைவு. அத்தகைய இன்ஜினில் சைலன்சர் மட்டும் மாறுவதால் வரும் லாபத்தை ஓட்டுபவர் உணர்வது கடினம். உணர்வதாகச் சொல்வதில் பெரும்பங்கு காதின் வேலையாக இருக்கலாம். உரத்த வண்டி வேகமான வண்டியாகத் தோன்றுவது இயல்பு.

இரண்டு, கார்ப்புரேட்டர். புகை எளிதாக வெளியேறினால் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். அதற்கேற்ப மெயின் ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். அலுமினியத்தைப் போல வெப்பத்தை விரைவில் வெளியேற்றாத வார்ப்பிரும்பு சிலிண்டரில் இது கவனிக்கத்தக்கது. ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சருக்குள் கேட்கும் பட்டாசு வெடி, எரியாத பெட்ரோல் குழாயில் போய்ப் பற்றுவதன் அடையாளம். அதை வலுவின் அடையாளமாகக் கொள்வது தவறு.

மூன்று, இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் இந்த விடையை நேரடியாகவே பொய்யாக்குகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் 1950-களில் விரிவறைக் குழாயை மேம்படுத்தினார். புகைக்குழாய் முதலில் கூம்பாக விரிகிறது. அங்கிருந்து திரும்பும் அலை சிலிண்டரில் இருந்து புகையை உறிஞ்சி இழுக்கிறது. பிறகு குழாய் கூம்பாகச் சுருங்குகிறது; அங்கிருந்து திரும்பும் அலை, தப்பியோடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. இந்த முறையால் 1961-ல் 125 சிசி பந்தய வண்டி ஒன்றில் 25 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 200 கிடைத்தது. அவ்வாண்டு பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தபோது அந்த அறிவும் ஜப்பானுக்குப் பயணித்தது. பிற்கால ஜப்பானிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் அந்த மரபில் வந்தவை. 1985-ல் இந்தியாவில் அறிமுகமாகி 1996 வரை தயாரான ஆர்எக்ஸ் 100, வெறும் 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்ததில் அதன் நீண்ட புகைக்குழாய்க்கும் பங்கு உண்டு. அதை வெட்டுபவர் சத்தத்தைப் பெறுகிறார். வலுவில் ஒரு பகுதியை இழக்கிறார்.

இரண்டாம் விடை: காதே நீதிபதி

ஒர்க்‌ஷாப்பின் விடை வலுவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வண்டி எப்படிக் கேட்க வேண்டும் என்பதே அதன் கேள்வி. புல்லட்டுக்கென இந்தியச் சந்தையில் கிடைக்கும் சைலன்சர்களின் பெயர்களே ஒரு தனி அகராதி: லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், பஞ்சாப், இந்தோரி, டால்ஃபின், மெகாஃபோன், கோல்ட்ஸ்டார். இவற்றில் கடைசிப் பெயருக்கு வரலாறு உண்டு. பிரிட்டனின் பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் வண்டி, ஆக்சிலரேட்டரை விடும்போது பறவை கீச்சிடுவதுபோல ஒலித்ததற்காகப் பெயர்பெற்றது. அதன் சைலன்சர் வடிவம் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. ஆனால் நகலில் வெளித்தோற்றம் வந்த அளவுக்கு உள்ளமைப்பு வந்ததாகச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் விற்கும் இரண்டு சைலன்சர்கள் இரண்டு குரலில் பேசுவதற்குக் காரணம் அதுவே.

பெரிய நிறுவனங்களும் காதை நீதிபதியாக ஏற்றதுண்டு. 1989-ல் வந்த மஸ்தா எம்எக்ஸ்-5 காரை உருவாக்கியவர்கள், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் உணர்வைத் தருவதற்காக அதன் புகைக்குழாய் ஒலியைத் திட்டமிட்டே செதுக்கினார்கள். ஹார்லி-டேவிட்சன் ஒருபடி மேலே போய்த் தன் இரட்டைச் சிலிண்டர் இன்ஜினின் ஓசையையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994-ல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் பல எதிர்த்தன. 2000-ல் ஹார்லி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஒலி ஒரு வண்டியின் அடையாளம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். அந்த அடையாளத்துக்கு எல்லை வரைவதுதான் கடினமாக இருந்தது.

குழாயைக் காதால் செப்பனிடும் அறிவு படுகைக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உயர்ந்தது; பாரி நாயனம் நீளமானது, சுருதி தாழ்ந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியை முன்னிறுத்திய பிறகு கச்சேரி மேடைகளில் தாழ்ந்த சுருதியே நிலைபெற்றது. நீளத்தையும் உட்துளையின் கூம்பையும் துளிதுளியாக மாற்றி நாதத்தைத் தேடும் இந்த முறை, சைலன்சரை மாற்றிப் பார்க்கும் மெக்கானிக்கின் முறைக்கு உறவுதான். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாகஸ்வர ஆசாரி சத்தத்துக்காக நாதத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கிறார். சைலன்சர் சந்தையில் இரண்டும் ஒன்றாகவே விலைபேசப்படுகின்றன.

இந்த விடையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. கடையில் இரண்டு சைலன்சர்களை அடுத்தடுத்துப் பொருத்திக் கேட்பவருக்கு, உரத்து ஒலிப்பது பெரும்பாலும் செழுமையாகவும் தோன்றும். கனத்த அடித்தொனி உரத்த நிலையில்தான் காதுக்கு நன்றாக எட்டும் என்பது செவியின் இயல்பு. ஆகவே ‘இது நல்ல நாதம்’ என்ற தீர்ப்பில் எவ்வளவு நாதம், எவ்வளவு வெறும் சத்தம் என்று பிரிக்க ஒர்க்‌ஷாப்பில் வழி இல்லை. இரண்டாவது, தீர்ப்பு சொல்பவர் வண்டிமேல் இருப்பவர் அல்லது பக்கத்தில் நிற்பவர். ஓடும் வண்டியில் காற்றிரைச்சலும் இன்ஜின் இரைச்சலும் சேர்ந்து ஓட்டுபவரின் காதை நிரப்பிவிடுகின்றன. புகைக்குழாயின் வாய் பின்னோக்கி இருப்பதால், அதன் முழு ஒலியையும் கேட்பவர்கள் அவர் கடந்துபோன வீடுகளில் இருப்பவர்கள்.

மூன்றாம் விடை: அசலை மாற்றாதே

சேகரிப்பாளரின் வாதம் வேறு திசையில் இருந்து வருகிறது. பழைய வண்டி ஒரு காலத்தின் சான்று. அதன் ஒலியும் அந்தச் சான்றின் பகுதி. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் கொண்ட எஸ்டியில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினால், தோற்றமும் போச்சு, குரலும் போச்சு என்பார்கள் அவர்கள்.

இந்த வாதத்துக்குச் சட்டத் துணையும் கிடைத்திருக்கிறது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவு செய்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. 1960-களின் ஹெரால்டும் புல்லட்டும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன; 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு அந்தத் தகுதி 2035-க்கு முன் வராது. ஆக, ஊரில் அதிகம் ஓடும் பழைய வண்டிகளில் பல, பழமையின் மதிப்பையும் பெறாமல் புதுமையின் சோதனைக்கும் உட்படாமல் நடுவில் நிற்கின்றன.

இந்த விடையின் சிக்கல், அசல் எது என்பதில் இருக்கிறது. சைலன்சர் தேய்ந்து போகும் பொருள். புகையில் உள்ள நீராவியும் அமிலமும் உள்ளிருந்தே அதை அரிக்கின்றன. குறுந்தூர ஓட்டம் சைலன்சரை முழுதாகச் சூடாக்காததால் ஈரம் உள்ளேயே தங்கி அரிப்பு விரைவாகிறது. நாற்பது ஆண்டு ஓடிய வண்டியில் தொழிற்சாலைச் சைலன்சர் இருப்பதே அபூர்வம். ‘கம்பெனி மாதிரி’ என்று விற்பவையும் நகல்களே. மேலும், ஒரு பழைய வண்டியின் ‘கனத்த’ குரல், உள்ளே அரித்துப்போன தடுப்புத் தகட்டாலோ பெண்ட் பைப் இணைப்பில் கசியும் காஸ்கெட்டாலோ வந்ததாகவும் இருக்கலாம். பலர் அசல் என்று நினைவில் வைத்திருப்பது பழுதின் ஒலியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அசலைக் காக்க விரும்புபவரும், கசிவை அடைத்து உள்ளமைப்பைச் சரிசெய்த பிறகு கேட்பதையே அளவுகோலாகக் கொள்வது பாதுகாப்பானது.

நான்காம் விடை: அயலார் காதும் சட்டமும்

நான்காவது விடை மற்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவைக்கிறது: வண்டி உங்களுடையது, தெரு எல்லோருடையது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 120-ஆம் விதி ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் சைக்கிள்களுக்கான வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. பயணிகள் காருக்கு 74. அளவெடுப்பது வண்டி கடக்கும் கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தூரத்தில். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்தது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒலி, புகை வரம்புகளை மீறி ஓட்டினால் முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் உரிமம் இழப்பு என்று 190-ஆம் பிரிவு சொல்கிறது. பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சி இந்திய நகரங்கள் பலவற்றில் நடந்தேறியிருக்கிறது.

உடல்நலச் சான்றும் இந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, சாலைப் போக்குவரத்து ஒலி நாள் சராசரியில் 53 டெசிபலையும் இரவில் 45-ஐயும் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. தூக்கக் கெடுதல், இதய நோய் ஆகியவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்றே வரையறுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

படுகையின் நில அமைப்பு இந்த வாதத்துக்குக் கூடுதல் எடை சேர்க்கிறது. திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது ஒலி ஆறு டெசிபல் ஏறும். 7.5 மீட்டரில் 80 டெசிபல் காட்டும் வண்டி, திண்ணையை ஒட்டி இரண்டு மீட்டருக்குள் கடக்கும்போது கணக்கின்படி 90-ஐத் தாண்டும். எதிரெதிரே சுவர்கள் நெருங்கிய தெருவில் எதிரொலியும் சேரும். ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தாலும் தணிவதில்லை. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்து கிடப்பதால் ஒலி மேலே சிதறாமல் கீழே வளைந்து நெடுந்தூரம் போகிறது. நடவுக்கு நீர் கட்டிய வயல், உழுத புழுதி வயலைப் போல ஒலியை உறிஞ்சாமல் திருப்பியடிக்கிறது. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வயலேறிய மாதங்களில் ஆற்றங்கரைச் சாலை வண்டியின் ஓசை அடுத்த ஊருக்குக் கேட்பதற்கு இவை காரணமாக இருக்கலாம்.

ஆயினும் இந்த விடையிலும் ஓட்டைகள் உண்டு. வாகனத்துக்கான டெசிபல் வரம்புகள் உற்பத்திக் கட்டச் சோதனைக்கென வகுக்கப்பட்டவை. திறந்த மைதானத்தில், குறிப்பிட்ட வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி அளக்க வேண்டியவை. ஊர்த் தெருவில் வண்டியை நிறுத்தி அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஒலி மாசு விதிகளின் 45 டெசிபலோ நேரச் சராசரி. ஒற்றை வண்டியின் நொடிநேர ஓசைக்கு அது நேரான அளவுகோல் ஆகாது. இந்த இடைவெளியில் காவலரின் கண்ணும் காதும்தான் தீர்ப்பு சொல்கின்றன. வேற்று வடிவச் சைலன்சர் அமைதியாக இருந்தாலும் பிடிபடும். உள்ளே குடைந்த கம்பெனிச் சைலன்சர் தப்பிவிடும்.

இதைவிட ஆழமான சிக்கல் கருவியில் இருக்கிறது. சட்டம் கேட்பது ‘ஏ’ எடையிட்ட டெசிபல். மென்மையான ஒலிகளுக்குக் காது காட்டும் நுட்பத்தைப் பின்பற்றி, அது தாழ்ந்த அதிர்வெண்களைக் கடுமையாகத் தள்ளுபடி செய்கிறது: 100 அதிர்வில் சுமார் 19 டெசிபல், 50-ல் சுமார் 30. புல்லட்டின் அடித்தொனி விழுவது இந்தத் தள்ளுபடிப் பகுதியில். ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் ஓசை மீட்டரில் சாதுவாகத் தெரியக்கூடும். சுவர்களோ தாழ்ந்த ஒலியை உயர்ந்த ஒலி அளவுக்குத் தடுப்பதில்லை. அயலாரைக் காக்கும் அளவுகோல் அவர்களின் ஒரு பகுதித் தொல்லையைக் கேளாமல் விடுகிறது.

மதிப்பீடு

நான்கு விடைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தெருவில் ஓடும் பழைய வண்டிக்கு வலுவை முன்னிட்டுச் சைலன்சரைத் திறப்பது பலவீனமான காரணம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அது பெரும்பாலும் எதிர்விளைவே தரும். நாதத்தின் பெரும்பகுதியை இன்ஜினின் வெடிப்பு வரிசை தீர்மானித்துவிடுவதால், எந்த மாற்றமும் ஒரு எல்லைக்குள்தான். அந்த எல்லைக்குள் முதலில் செய்யத்தக்கது பழுது நீக்கம்: கசிவை அடைப்பது, கரியை நீக்குவது, அரித்த தடுப்பைப் புதுப்பிப்பது, கார்ப்புரேட்டரைச் சரிசெய்வது. இதற்குச் சட்டத் தடையும் இல்லை, அயலார் எதிர்ப்பும் இல்லை.

நாதத்தை மேம்படுத்துவதும் சத்தத்தைக் கூட்டுவதும் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்று இயற்பியலில் விதி இல்லை. கீச்சொலியையும் இரைச்சலையும் உறிஞ்சி அடித்தொனியை விட்டுவைக்கும் அமைப்பு, மீட்டரின் அளவைக் குறைத்துக்கொண்டே காதுக்குச் செழுமையாகக் கேட்க முடியும். காதை நம்பும் ஒர்க்‌ஷாப்புக்கும் மீட்டரை நம்பும் சட்டத்துக்கும் இடையே சமரசத்துக்கு இடம் இருப்பது இங்கேதான். ஆனால் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ‘ஏ’ எடை தரும் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளும் சமரசம் அது என்பதால், அயலாரின் தரப்பில் இருந்து அதை முழுத் தீர்வாக ஏற்க முடியாது.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. பழைய மாடல்களுக்குச் சோதித்துச் சான்றளித்த மாற்றுச் சைலன்சர் வகையை 52-ஆம் பிரிவின் கண்டிப்பான விளக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா? ஐம்பது ஆண்டை எட்டாத, ஆனால் இன்றைய சோதனை முறைகளுக்கு முன்பே பிறந்த வண்டிகளுக்கு எந்த வரம்பு நியாயமானது? தெருவோரத்தில் நின்ற நிலையிலேயே அளக்கக்கூடிய, தாழ்ந்த ஒலியையும் கணக்கில் கொள்ளும் எளிய சோதனை ஒன்றை வகுக்க முடியுமா? முதல் இரண்டும் சட்டம் இயற்றுவோரின் பொறுப்பு, மூன்றாவது பொறியாளர்களின் பொறுப்பு. மூன்றாவதற்கு விடை கிடைக்காதவரை முதல் இரண்டுக்கும் எழுதப்படும் விதி, சைலன்சரின் தோற்றத்தைத் தண்டிக்குமே ஒழிய அதன் ஓசையை ஒழுங்குபடுத்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.